கோலைக் கடைசியில் வாங்குங்கள்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தூண்டில் கேள்வி பதில்

தூண்டில் பற்றிய ஐயங்களை அனுப்பலாம் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். எங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பல ஊர்களிலிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகமான கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. நான் செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்தோராண்டுகள் இயந்திரம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது நன்னீர்த் தூண்டில் மட்டுமே என்பதால், கடல் மீனைப் பற்றியும் கட்டணக் குளங்களைப் பற்றியும் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பதிலுக்குள் நுழையும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் இடிச்சத்தம் காதில் விழுந்ததும் கோலைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு விலகிவிடுங்கள். இன்றைய கோல்களில் பெரும்பாலானவை கார்பனால் ஆனவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.

கேள்வி (லிந்தாங்): ஐயா, நான் புதிதாகத் தொடங்குகிறேன். கையில் 300 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. எந்தக் கோல், எந்த ரீல் வாங்கலாம்?

தம்பி, கடைக்குப் போய் முதலில் கோலைத் தேர்ந்தெடுப்பது, பெண் பார்க்கும் முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதைப் போன்றது. எந்தத் தண்ணீரில் வீசப் போகிறோம், அதில் என்ன மீன் இருக்கிறது, அந்த மீன் எந்த எடையுள்ள இரையைத் துரத்தும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு, அந்த இரையைச் சுமக்கும் தூண்டில் நரம்பையும், கடைசியாக அந்த நரம்புக்கு ஏற்ற கோலையும் ரீலையும் பார்க்க வேண்டும்.

கோலின் அடிப்பகுதியில் அச்சிட்டிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கடைக்காரரின் பேச்சில் பாதி தேவைப்படாது. ‘6 அடி 6 அங்குலம், எம், 8–17 எல்.பி., 1/4–5/8 அவுன்ஸ்’ என்று இருந்தால், அது நடுத்தர வலுவுள்ள கோல், 8 முதல் 17 பவுண்டு வரை தாங்கும் நரம்புக்கு உரியது, ஏறத்தாழ 7 முதல் 18 கிராம் வரையுள்ள இரையை ஒழுங்காக வீசும் என்று பொருள். வலு என்பது கோலை வளைக்க எவ்வளவு எடை வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஆக்‌ஷன் என்பது அது எந்த இடத்தில் வளைகிறது என்பதைச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டவர்கள் இருபது வருடம் தூண்டில் போட்டவர்களிலும் இருக்கிறார்கள். நுனி மட்டும் வளைவது ‘ஃபாஸ்ட்’. ஒற்றைத் தூண்டில் முள்ளை மீனின் வாயில் அழுத்திக் குத்த வேண்டிய தவளை இரைக்கும் ரப்பர் புழுவுக்கும் அது பொருந்தும். நடுப்பகுதி வரை வளைவது ‘மாடரேட்’. மூன்று முள் தொங்கும் மின்னோ (சிறுமீன் வடிவச் செயற்கை இரை) போன்ற இரைகளுக்கு அதுவே நல்லது, ஏனெனில் மீன் தலையை உதறும்போது கோல் விட்டுக்கொடுத்தால்தான் சின்ன முட்கள் கிழித்துக்கொண்டு வராது.

உங்கள் பகுதியின் ஈயக் குட்டைகளிலும் (பழைய ஈயச் சுரங்கக் குழிகள்) வாய்க்கால்களிலும் பீக்காக் பாஸும் சிறிய விராலும்தான் இலக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். மேலே சொன்ன எம் கோல், 2500 அளவு ஸ்பின்னிங் ரீல், பி.இ. 1.5 (தடிமன் எண்) பின்னல் நரம்பு, அதன் முனையில் 20 எல்.பி. லீடர் என்னும் முனை நரம்பு இரண்டடி ஆகியவை போதும். கோலுக்கும் ரீலுக்கும் 200 வெள்ளிக்கு மேல் செலவழிக்காதீர்கள். மீதியில் நான்கைந்து இரைகளும் ஒரு மூக்குக் குறடும் வாங்குங்கள். முள் உங்கள் விரலில் ஏறும் நாளில் குறடின் அருமை தெரியும்.

கேள்வி (பீடோர்): எந்த பிராண்ட் ரீல் நல்லது?

ஷிமானோ, டாய்வா இரண்டிலும் கீழ்விலை ரீல்களே தொடக்கத்துக்குப் போதுமானவை. பெயரைவிட, உதிரிப் பாகம் ஈப்போவில் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு வாங்குவது முக்கியம்.

கேள்வி (தைப்பிங்): பேட்காஸ்டர் ரீல் வாங்கினேன். வீசும் ஒவ்வொரு முறையும் நரம்பு குருவிக்கூடு போல் சிக்கிக்கொள்கிறது. ரீல் பழுதா?

ரீலில் பழுதில்லை. ஸ்பின்னிங் ரீலில் நரம்புச் சுருளை அசையாமல் நிற்க, நரம்பு வளையம் வளையமாகக் கழன்று போகிறது. பேட்காஸ்டரில் சுருளையே சுழல்கிறது. இரை காற்றில் வேகம் குறைந்த பின்னும் சுருளை பழைய வேகத்திலேயே சுழன்றால், வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே குவிகிறது. ஆலையில் கன்வேயர் நின்ற பிறகும் மேலிருந்து குலை கொட்டிக்கொண்டே இருந்தால் என்ன நடக்குமோ, அதுதான் இங்கும் நடக்கிறது.

செய்ய வேண்டியது இது. இரையைக் கட்டி, கோலைக் கிடையாக நீட்டி, பொத்தானை அழுத்துங்கள். இரை கடகடவென்று விழாமல் நிதானமாக இறங்கி, தரையைத் தொட்ட கணத்தில் சுருளை நிற்கும்வரை பக்கத்திலுள்ள சிறிய குமிழைத் திருகுங்கள். இரையை மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு ரீலைத் திட்டுகிறார்கள். பிரேக்கை முக்கால் பங்குக்கு மேல் ஏற்றி வைத்துத் தொடங்கி, வாரத்துக்கு ஒரு புள்ளி வீதம் குறைத்து வாருங்கள். இரை நீரைத் தொடும் முன் கட்டைவிரலால் சுருளையை மெல்லத் தடவி நிறுத்துவதை, எந்த பிரேக்கும் உங்களுக்காகச் செய்யாது. 7 கிராமுக்குக் குறைந்த இரையைச் சாதாரண பேட்காஸ்டரில் வீச முயலாதீர்கள். பயிற்சியைத் திடலில், முள்ளில்லாத ஈயக் குண்டைக் கட்டிச் செய்யுங்கள், ஆனால் மின்கம்பிக்குக் கீழே செய்யாதீர்கள். கார்பன் என்று மேலே சொன்னது கம்பிக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி (கோலகங்சார்): ட்ராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் இறுக்கத்தை) முழுக்க முறுக்கியும், மீன் இழுத்தால் ரீல் நழுவுகிறது. புது ரீல், புதுப் பின்னல் நரம்பு.

இன்று வந்தவற்றில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். பின்னல் நரம்பு வழுவழுப்பானது, நீளாதது; வெறும் உலோகச் சுருளையில் நேராகச் சுற்றினால், நரம்பு முழுதும் ஒரே கட்டியாகச் சுருளையின் மேல் வழுக்கிச் சுற்றும். நரம்பைக் கழற்றிவிட்டு, முதலில் பத்துப் பதினைந்து சுற்று நைலான் தங்சியை (ஒற்றை இழை நரம்பை)ச் சுற்றி, அதன்மேல் பின்னலைக் கட்டிச் சுற்றுங்கள். நைலான் சற்று நீண்டு சுருளையைக் கவ்விப் பிடிக்கும்.

ட்ராக்கை முழுக்க முறுக்குவதும் தவறு. நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள். 20 எல்.பி. என்பது சுமார் 9 கிலோ. அப்படியானால் இரண்டேகாலிலிருந்து மூன்று கிலோவில் ட்ராக் நழுவத் தொடங்க வேண்டும். கையில் தொங்கவிடும் சிறு தராசால் இழுத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ட்ராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

கேள்வி (ஈப்போ): அமெரிக்கக் காணொளிகளில் பாஸ் மீனுக்கு டெக்சஸ் ரிக், ரப்பர் புழு என்று காட்டுகிறார்கள். நான் மூன்று மாதமாகக் குட்டையில் புழுவை இழுக்கிறேன், ஒன்றும் கடிப்பதில்லை.

அவர்கள் பிடிப்பது பெருவாய் பாஸ். வட அமெரிக்காவின் மீன், நம் குட்டைகளில் இல்லை. நாம் பிடிக்கும் பீக்காக் பாஸ் தென் அமெரிக்காவின் அமேசான், ஓரினோக்கோ ஆறுகளைச் சேர்ந்தது. அதற்குப் பெருவாய் பாஸோடு உறவில்லை, திலாப்பியாவோடுதான் உறவு. பெருவாய் பாஸ் களைக்குள் பதுங்கி, அடியில் ஊர்ந்து வரும் புழுவை உறிஞ்சும். அதன் உலகச் சாதனை, ஜார்ஜியாவில் 1932இல் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன். ஜப்பானின் பிவா ஏரியில் 2009இல் மனாபு குரிதா அதற்குச் சமமாகப் பிடித்தார். பீக்காக் பாஸ் பகலில் கண்ணால் பார்த்துத் துரத்தும் மீன். வெயில் ஏறிய பிறகு, நீரில் சாய்ந்த மரத்தையும் கரைச் சரிவையும் ஒட்டி, 5 முதல் 10 கிராம் மின்னோவை வேகமாக, இடையிடையே சுண்டி இழுங்கள். டெக்சஸ் ரிக் வீண் போகாது. முள் புழுவுக்குள் மறைந்திருப்பதால் அல்லிக்குள் இருக்கும் விராலுக்கு வையுங்கள்.

கேள்வி (கம்பார்): பீக்காக் பாஸைப் பிடித்தால் திரும்ப விடுவதுதானே பண்பு? விடாதவர்களை எங்கள் குழுவில் கண்டிக்கிறோம்.

கண்டிக்காதீர்கள். நான் விடுவதில்லை, குழம்புக்கு நல்ல மீன் அது.

மறுப்பு (அதே கம்பார் நண்பர்): புளோரிடாவில் அரசாங்கமே 1984இல் இந்த மீனைக் கால்வாய்களில் விட்டிருக்கிறதே? அங்கே பாதுகாக்கிறார்கள். நாம் கொல்ல வேண்டுமா?

குறுக்கே (கோப்பேங்): ஐயா சொல்வதுதான் சரி. எங்கள் ஆற்றில் இப்போது செபராவ் என்னும் உள்ளூர் மீனின் குஞ்சையே காணோம்.

சரி, இதை முழுதாகப் பேசிவிடலாம்; மற்றவர்கள் கொஞ்சம் காத்திருங்கள். புளோரிடாவில் விட்டது உண்மைதான். அந்தக் கால்வாய்களை ஏற்கெனவே அந்நியத் திலாப்பியாக்கள் நிறைத்திருந்தன. அவற்றைத் தின்னவே இதை விட்டார்கள். அங்கே குளிர்காலம் என்ற வேலி இருக்கிறது. நீர் குளிர்ந்தால் இந்த மீன் சாகும், வடக்கே பரவாது. பேராக்கில் எந்த மாதத்தில் ஐயா நீர் குளிர்கிறது?

பனாமாவின் கதையைப் பாருங்கள். 1967இல் ஒரு குளத்திலிருந்து தப்பிய பீக்காக் பாஸ் காத்துன் ஏரிக்குள் பரவி, அங்கே சாதாரணமாகக் கிடைத்துக்கொண்டிருந்த பல உள்ளூர்ச் சிறுமீன்களை அருகச் செய்ததை 1973இல் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஜப்பானில் பெருவாய் பாஸை 1925இல் ஆஷி ஏரியில் ஆசையோடுதான் விட்டார்கள். இன்று பிவா ஏரி இருக்கும் ஷிகாவில், பிடித்த பாஸைத் திரும்ப நீரில் விடுவதே 2003 முதல் தடை. குரிதாவின் புகழ்பெற்ற மீனும் அந்த ஏரியில் வந்ததுதான். மீனை ரசிப்பதும் அதைப் பரப்ப மறுப்பதும் ஒரே மனிதனுக்குள் இருக்கலாம்.

நான் இவ்வளவு உறுதியாகப் பேசக் காரணம் இருக்கிறது. 1999இல், கம்பார் பக்கத்துக் குட்டை ஒன்றில் பிடித்த ஏழு குஞ்சுகளை ரொட்டி டின்னில் தண்ணீரோடு ஊற்றி, மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்து, டின் ததும்பாமலிருக்க மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் தோட்டத்து நாற்றங்கால் குளத்தில் விட்டவன் நான்தான். வார இறுதியில் பெட்ரோல் செலவில்லாமல் நல்ல மீன் பிடிக்கலாம் என்பதுதான் கணக்கு. இரண்டு வருடம் கொண்டாட்டமாக இருந்தது. மூன்றாம் வருடம், லயத்துப் பெண்கள் மாலையில் கூடை போட்டு அள்ளும் செப்பாட் மீனும் நன்னீர் இறாலும் கூடையில் ஏறவில்லை. என் சொந்த அத்தை, ‘குளத்துக்கு என்னடா ஆச்சு?’ என்று என்னிடமே கேட்டார். நான் வெயிலைக் காரணம் சொன்னேன்.

கம்பார் நண்பரே, ஏற்கெனவே இந்த மீன் நிறைந்த மூடிய குட்டையில் நீங்கள் திரும்ப விட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆற்றோடு சேர்ந்த நீரிலும் சென்டரோ ஏரியிலும் விடாதீர்கள். ஒரு நீரிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிச் செல்லவே வேண்டாம். ஈயக் குட்டையில் இறங்கி நின்று மீனை விடும் படங்களையும் போடாதீர்கள். மணல் கரை ஓரடிக்கு அப்பால் செங்குத்தாக இறங்கும், கழிவுச் சேறு காலை விடாது.

கேள்வி (தாப்பா): ஐயா, எந்த பிராண்ட் நல்லது?

பீடோருக்குச் சொன்ன பதில்.

கேள்வி (கிரிக்): தெமெங்கோர் ஏரியில் தோமான் (பெரிய விரால் இனம்) சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தோடு மேலே வருகிறது. அதன்மேல் வீசலாமா? என்ன கருவி?

கருவி சொல்கிறேன்: ஆறடி எம்.எச். (நடுத்தரத்தைவிட வலுவான) கோல், பேட்காஸ்டர், 40 எல்.பி. பின்னல், பல்லுக்காக 50 எல்.பி. லீடர். குஞ்சுக் கூட்டத்தின்மேல் வீசாதீர்கள். தாயும் தந்தையும் கீழே காவல் நிற்பதால் எதைப் போட்டாலும் கடிக்கும். அதில் திறமை ஒன்றுமில்லை. காவல் போய்விட்டால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும். தனியாக மூச்சு வாங்க மேலே வரும் தோமானைக் குறிவைத்து, அது நீரில் எழுப்பும் வளையத்துக்கு ஓரிரு கெஜம் முன்னால் இரையைப் போடுங்கள். படகில் இருந்தால் இடிக்கு முன்பே கரைக்குத் திரும்புங்கள். திறந்த ஏரியில் உயரமாக நிற்பது உங்கள் கோல்தான்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): பேட்டரி கரண்ட் வைத்துப் பிடிக்க எத்தனை வோல்ட் வேண்டும்?

1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி அது குற்றம். அடுத்த கேள்வி.

கேள்வி (சிம்மோர்): கையில் 250 வெள்ளி இருக்கிறது, எந்தக் கோல்…

தம்பி, முதல் பதிலைப் படியுங்கள். ஐம்பது வெள்ளி குறைந்தால் இரண்டு இரையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சுங்கை சிப்புட், ஒரு தாயார்): என் மகனுக்கு ஒன்பது வயது. தூண்டில் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். முதல் தூண்டிலாக என்ன வாங்கித் தரலாம்?

எதையும் வாங்காதீர்கள், அம்மா. எட்டடியில் நேரான மூங்கில், அதே நீளத்துக்கு 6 எல்.பி. தங்சி, 10ஆம் எண் சிறு முள், மிளகளவு ஈயம், மிதவைக்கு ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு. மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும். இரைக்கு மண்புழு. அவனை நாற்றங்கால் குளத்துக்கு அனுப்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஓடும் அலூரில் (சிறு வாய்க்காலில்), முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கும் இடத்தில், புயூ என்னும் பனையேறிக் கெண்டை இன்னும் இருக்கிறது. மிதவை பக்கவாட்டில் நகரும்வரை பொறுத்து, பிறகு தூக்கச் சொல்லுங்கள். அதன் செவுள் மூடியில் ரம்பம் போல் முட்கள் இருக்கும். ஈரத் துணியால் தலைப்பக்கமிருந்து பிடிக்க வேண்டும். வாளிக்கு மூடி போடுங்கள், இல்லையென்றால் அது நடந்து வெளியே வந்துவிடும்.