முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

கேள்வி: “நானும் கணவரும் சண்டை இல்லாமல் பிரிய முடிவு செய்துவிட்டோம். பணம், நகை, குழந்தை எல்லாம் பேசி முடித்தாயிற்று. பத்திரத்தில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கினால் போதுமா? கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டுமா?”

போதாது. இதை இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம், அதே தவறை நானே செய்து ஐந்து வருஷம் அது தெரியாமலே இருந்தேன்.

2013-ல் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். பெரிய மாமா ஒரு பத்திர எழுத்தரைக் கூட்டி வந்திருந்தார். “இன்று முதல் இருவருக்கும் கணவன் மனைவி என்ற உறவு கிடையாது, ஒருவர் மேல் ஒருவர் எந்தப் பாத்தியதையும் கொண்டாட மாட்டோம்” என்று எழுதினார். கையெழுத்துப் போட்டோம். நோட்டரி முத்திரையும் விழுந்தது. “அத்துவிட்டாச்சு, இனி அவரவர் வழி” என்றார்கள். 2018-ல் மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில் அந்தத் தாளை நீட்டினேன். கவுண்டரில் இருந்த அம்மா முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, “கோர்ட் டிகிரி எங்கேம்மா?” என்றார். டிகிரி என்றால் தீர்ப்பாணை என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அதுவரைக்கும் சட்டத்தின் கண்ணில் நான் அவர் மனைவிதான். அந்தச் சமயத்தில் அவருக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்யாணம் நடந்திருந்தால் செல்லாது. இருதார மணக் குற்றத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. ஒன்றும் அறியாமல் கழுத்தை நீட்டியிருக்கப் போகிற அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பதறுகிறது.

சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துவிடும் முறை உண்டு. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு அதை ஏற்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது என்று சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். அதை நம்பி இறங்காதீர்கள். சுயமரியாதைத் திருமணம் என்றாலும் பிரிய நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

சரி, முறையான வழி என்ன? இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு, பரஸ்பர சம்மத விவாகரத்து. ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீடு என்று அர்த்தமில்லை; ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. இருவரும் சேர்ந்து குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். அதற்குப் பிறகு ஆறு மாதம் காத்திருந்து, பதினெட்டு மாதத்துக்குள் இரண்டாவது முறை வந்து “எங்கள் முடிவு மாறவில்லை” என்று சொல்ல வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தேவைப்பட்டால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், பணம், குழந்தை விஷயமெல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். நாங்கள் ஐந்து வருஷமாகப் பிரிந்திருந்ததால் அதற்குத் தனி மனு போட்டோம், கிடைத்தது. ஆனால் அது நீதிபதியின் முடிவு. உரிமையாகக் கேட்க முடியாது.

உங்கள் திருமணம் இந்து திருமணச் சட்டத்தில் வராவிட்டால் விதி வேறு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு 28-வது பிரிவு, கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவு, முஸ்லிம்களுக்கு முபாரத், அதாவது இருவரும் சம்மதித்துப் பிரியும் முறை. உங்கள் திருமணம் எதில் வருகிறது என்பதை முதலில் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

இனி ஒப்பந்தம். நீங்கள் பேசி முடித்ததை வீணென்று சொல்லவில்லை. அதை எழுதி மனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்து, தீர்ப்பாணையிலும் வரச் செய்யுங்கள். அப்போதுதான் நாளைக்கு ஒருவர் மீறினால் மற்றவர் கோர்ட்டில் நிறைவேற்றக் கேட்க முடியும். வக்கீல்கள் இதை எம்ஓயூ என்பார்கள். இதில் வார்த்தைகள்தான் எல்லாம்.

எங்கள் பழைய பத்திரத்தில் “பெண் வீட்டார் போட்ட நகைகள் அனைத்தும் திருப்பித் தரப்படும்” என்று ஒரு வரி. அனைத்தும் என்றால் எது? அவர் அம்மா வளைகாப்புக்குப் போட்ட வளையல் அதில் சேருமா என்று கேட்டுக் கேட்டே இரண்டு வீட்டாரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கோர்ட்டுக்குக் கொடுத்த ஒப்பந்தத்தில் ஆரம், அட்டிகை, ஜிமிக்கி, நாலு வளையல் என்று ஒவ்வொன்றாக, பவுன் கணக்கோடு எழுதினோம். எந்தத் தேதியில், யார் முன்னால் ஒப்படைத்தார்கள் என்பதும் இருந்தது. தாய் வீட்டிலிருந்தும் மாமியார் வீட்டிலிருந்தும் உங்களுக்கென்று அன்பளிப்பாக வந்தது எல்லாம் சீதனம். அதில் முழு உரிமையும் பெண்ணுக்குத்தான். இதை யாரும் உங்களுக்குச் சலுகையாகத் தரவில்லை.

குழந்தை விஷயமும் அப்படியே. “தந்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று தயவுசெய்து எழுதாதீர்கள். எந்தச் சனிக்கிழமை, யார் கொண்டுபோய் விடுவது, கோடை விடுமுறையில் எத்தனை நாள், பாஸ்போர்ட் படிவத்தில் யார் கையெழுத்து, பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது என்று எழுதுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கும் என்று 1956-ஆம் ஆண்டு இந்து மைனர், காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் குழந்தையின் நலன்தான் அளவுகோல், நிலைமை மாறினால் கோர்ட் உத்தரவையும் மாற்றலாம். இன்னொன்று: குழந்தைக்கான ஜீவனாம்சத்தை “எனக்கு வேண்டாம்” என்று நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாது. அது குழந்தையின் உரிமை.

உங்களுக்கான ஜீவனாம்சத்துக்குச் சட்டத்தில் நிர்ணயித்த சதவீதம் எதுவும் கிடையாது. வருமானம், சொத்து, வேலை, பழகிய வாழ்க்கை நிலை எல்லாம் பார்ப்பார்கள். ஜீவனாம்சம் கேட்டு வழக்கு நடந்தால் இரண்டு பேருமே சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சமாதானமாகப் பிரியும்போதும் அந்தப் படிவத்தை வாங்கி நிரப்பிப் பாருங்கள். எவ்வளவு கேட்பது நியாயம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மொத்தத் தொகை என்றால் பாதியை முதல் மனுவின்போதும் மீதியை இரண்டாவது முறை நீதிபதி முன்னாலும் டிடியாக வாங்குங்கள். தீர்ப்பு வரும் நிமிஷம் வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம் என்பதால் இதை இரண்டு பேருக்குமே பாதுகாப்பாகப் பார்க்கிறேன்.

பலர் கோட்டை விடுவது வீட்டுக் கடனில். “கடனை இனி கணவரே கட்டுவார்” என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டாலும் வங்கிக்கு அது பொருட்டில்லை. கடனில் உங்கள் பெயர் இருக்கும்வரை தவணை தவறினால் உங்களையும் கேட்பார்கள். வங்கியில் பேசிப் பெயரை நீக்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் ஒருவர் பங்கை விடுவதாக இருந்தால் அதற்கு விடுதலைப் பத்திரம் பதிவு செய்துவிடுங்கள்.

வரதட்சணைக் கொடுமைப் புகார் ஏதும் நிலுவையில் இருந்தால், நீங்கள் சமாதானமானதாலேயே அது முடிந்துவிடாது. ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். யார் போவது, யார் ஒத்துழைப்பது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பே போடும் ஒப்பந்தம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கோவாவில் சிவில் சட்டமே அதற்கு இடம் தருகிறது. மற்றபடி இந்துத் திருமணத்தில் “பிரிந்தால் இவ்வளவுதான்” என்று முன்கூட்டியே எழுதுவதைப் பொதுக் கொள்கைக்கு விரோதமானது என்று நீதிமன்றங்கள் தள்ளுவதே வழக்கம்.

கடைசியாக, அந்த நாள் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. நீதிபதி எங்கள் இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு, “யாராவது வற்புறுத்தினார்களா? இதில் எழுதியிருப்பதைப் படித்தீர்களா?” என்று தமிழில் கேட்டார். படித்தேன் என்றேன். முதல் பத்திரத்தை நான் படிக்கவே இல்லை. மாமா விரலை வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். நாலைந்து நிமிஷம்கூட ஆகவில்லை, முடிந்தது. வெளியே வந்ததும் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலுக்கு அன்றே மனு போட்டேன். நீங்களும் அன்றே போடுங்கள், மூன்று நகலாவது கேளுங்கள். பாஸ்போர்ட், வங்கி, பள்ளி என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள்.