கதையில் கண்ட நகரத்தைப் பார்க்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கும் நான் தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அனிமே என்ற ஜப்பானிய அசைபடங்களிலும் வீடியோ கேமிலும் வரும் இடங்களை நேரில் பார்க்க, வரும் ஏப்ரலில் தம்பியுடன் டோக்கியோ செல்ல விரும்புகிறேன். இருவருக்குமான ஒரு வாரப் புகையிரதப் பாஸ் உட்பட 11 இலட்சம் ரூபாய் ஆகும் என்கிறார் பயண முகவர். கையில் 5 இலட்சம் இருக்கிறது. இருவருமாக மாதம் 50,000 சேமிக்கலாம். வீட்டுச் செலவு மாதம் 90,000. மீதிக்கு அம்மாவின் நகையை அடகு வைப்பதா, ஊழியர் சேமலாப நிதியில் எடுப்பதா?

பதில்: சேமலாப நிதியிலிருந்து ஓய்வுக்கு முன் 30 சதவீதம் வரை எடுப்பதற்கு வீடு, மருத்துவம் போன்ற தேவைகளுக்கே இடமுண்டு, பயணத்துக்கு இல்லை. நகையையும் தொடாதீர்கள். 5 இலட்சத்தையும் செலவழித்து நகையையும் அடகில் வைத்துவிட்டால், நாடு திரும்பிய பின் வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தாலும் கைகொடுக்க எதுவும் மிஞ்சாது. மாதச் சேமிப்பு முழுவதும் ஓராண்டுக்கு மேலாக அடகையும் வட்டியையும் மீட்பதிலேயே கரைந்துவிடும். விசா விண்ணப்பத்துடன் கொடுக்கும் வங்கிக் கணக்கு அறிக்கையிலும், திடீரென்று விழுந்த பெருந்தொகையைவிட மாதாமாதம் சேர்ந்த பணமே நம்பிக்கை தரும்.

ஆனால் இந்த ஆசையை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் பார்க்க விரும்பும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. 2016இல் வெளியான ‘யுவர் நேம்’ அனிமே படத்தில் வரும் சிவப்புக் கைப்பிடிப் படிக்கட்டு, டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியின் சுகா ஆலயத்தருகே, குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் பொதுவழிதான். அங்கே குரலைத் தாழ்த்தி, வழி மறிக்காமல் நின்றால் போதும். ‘யகுசா’ கேம் தொடரின் கற்பனை வட்டாரமான கமுரோச்சோ, அதே ஷின்ஜுகுவிலுள்ள கபுகிச்சோவை மாதிரியாகக் கொண்டது. ‘ஸ்லாம் டங்க்’ அனிமே ரசிகர்கள் தேடிப்போகும் புகையிரதக் கடவை, டோக்கியோவுக்குத் தெற்கேயுள்ள கமகுரா நகரில், கமகுரா கோகோ-மயே நிலையத்துக்கு வெளியே இருக்கிறது. வெள்ளவத்தையில் கடலையும் தண்டவாளத்தையும் அடுத்தடுத்துப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு, எனோடென் என்ற உள்ளூர்ப் புகையிரதம் கடலோரமாக அந்தக் கடவையைக் கடக்கும் காட்சி மிகவும் நெருக்கமாக இருக்கும்.

ஆகவே குறைக்க வேண்டியது போக்குவரத்தையும் பயணத் திகதியின் விலையையும்தான். நாடு முழுவதற்குமான 7 நாள் புகையிரதப் பாஸ் 2023 ஒக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. ஒரு யென் ஏறத்தாழ 2 ரூபாய் என்று வைத்தால், இருவருக்கும் 2 இலட்சம் ரூபாய்! டோக்கியோவுக்குள் சுற்றி, ஒரு நாள் கமகுராவுக்குப் போய்வருவதற்கு அது தேவையே இல்லை. மத்திய டோக்கியோவிலிருந்து கமகுராவுக்கு ஒருவழிக் கட்டணம் ஏறத்தாழ 1,000 யென்தான். ‘யுவர் நேம்’ படத்தில் வரும் மலைநகருக்காக ஹிடா ஃபுருகாவா வரை போனாலும், அதிவேக வண்டியில் போய்வர ஒருவருக்கு ஏறத்தாழ 30,000 யென் என்பதால், அப்போதும் பாஸ் நட்டமே. முதற்பயணத்தில் ஹிடாவை விட்டுவிடுவதே என் விருப்பம்.

ஏப்ரலையும் மாற்றுங்கள். அங்கே செர்ரி பூக்கும் காலமும் இங்கே சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் அடுத்தடுத்து வருவதால் விமானச்சீட்டும் அறையும் விலை ஏறியிருக்கும். ஜனவரிப் பிற்பகுதியில் கூட்டம் குறைவு. குளிர் கடுமைதான், ஆனால் வானம் தெளிந்திருப்பதால் கமகுராவை அடுத்த எனோஷிமாத் தீவுப் பக்கத்திலிருந்து ஃபுஜி மலை தெரியும் வாய்ப்பும் அதிகம். ஷின்ஜுகுவுக்குச் சில நிலையங்கள் தள்ளி அறை எடுத்தால் வாடகையும் இறங்கும்.

இந்த மாற்றங்களால் செலவு எட்டரை இலட்சத்துக்கு இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். 5 இலட்சத்தில் மூன்று மாத வீட்டுச் செலவான 2 இலட்சத்து 70,000 ரூபாயைத் தனியே நிலையான வைப்பில் ஒதுக்குங்கள். அது பயணப் பணம் அல்ல. மீதி 2 இலட்சத்து 30,000 போக, தேவைப்படும் 6 இலட்சத்து 20,000 ரூபாய் 13 மாதங்களில் சேர்ந்துவிடும். தம்பி தன் பங்கைத் தன் பெயரிலுள்ள கணக்கிலேயே சேர்க்கட்டும். விசாவுக்கு அவரும் கணக்கு காட்ட வேண்டியிருக்கும்.

வீடு வாங்கிய பின், கல்யாணத்துக்குப் பின் என்று இதைத் தள்ளிக்கொண்டே போகவும் வேண்டாம். 2019இல் வந்த ‘வெதரிங் வித் யூ’ படத்தின் பாழடைந்த கட்டடத்துக்கு மாதிரியான யொயோகி கைகான், படம் வெளியான அதே ஆண்டிலேயே இடிக்கத் தொடங்கப்பட்டது. அடுத்தடுத்த ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தாலும் சேமிப்பை நிறுத்தாதீர்கள். பாஸை நீக்கி, ஜனவரித் திகதியிட்டு, புதிய மதிப்பீட்டை இந்த வாரமே முகவரிடம் எழுத்தில் கேளுங்கள்.