அப்பா கேட்டபோது என்ன சொன்னீர்கள்?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பா பெருந்துறைப் பக்கம் விவசாயம். மஞ்சள் விற்ற பணம் கணக்கில் இருந்தது. 'கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) காலாவதியாகிவிட்டது, 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்' என்று பேங்க் பெயரில் மெயில் வந்திருக்கிறது. என்னிடம்கூட போனில் கேட்டார், ஷிப்மெண்ட் அவசரத்தில் 'அப்புறம் பார்க்கலாம்ப்பா' என்றேன். அவரே லிங்கைத் தொட்டு பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் போட்டு 84,000 ரூபாய் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். போனை வாங்கி வைத்துவிட்டேன். கணக்கையும் என் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. கூப்பிடவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். பேங்கில் புகாரை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். திருடியவன் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருக்க மாட்டான், உடனே சொன்னால்தான் வழியில் நிறுத்த முடியும். ரிசர்வ் வங்கி 2017இல் போட்ட விதிப்படி, ரகசிய விவரத்தை நாமே கொடுத்துவிட்டால், பேங்கில் சொல்லும்வரை போனது நம் தலையில்; சொன்ன பிறகு போவது பேங்க் தலையில். அப்படியிருக்க, உங்கள் வீட்டில் இரண்டு நாள் யாரும் வாய் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? 'என்னிடம்கூட கேட்டார்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பெரும்பாலும் யாரும் யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் அப்பாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. 'கண்ணு, இது பேங்க்காரங்க அனுப்புனதுதானா?' என்று சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார். 24 மணி நேரக் கெடுவைத் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தவருக்கு நீங்கள் 'அப்புறம்' என்றீர்கள். மெயில் 'இப்பவே' என்றது. ஏமாந்த பிறகு உங்களிடம் சொல்ல அவருக்கு எப்படி வாய் வரும்? வயசான காலத்தில் பெற்றவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வது மகன் ஒழிந்த நேரத்தில் செய்கிற உபகாரம் இல்லை, கடமை. ஷிப்மெண்ட் இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

கணக்கை எடுத்துக்கொள்ளலாமா என்றால், கூடாது. அது அவர் பாடுபட்டு விளைவித்த மஞ்சளின் பணம். போனையும் திருப்பிக் கொடுங்கள். ஏமாந்ததற்குத் தண்டனையாகப் பிடுங்கினால், அடுத்த தடவை அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மெயிலையே காட்டிச் சொல்லிக்கொடுங்கள். மேலே பேங்க் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் உள்ளே இருக்கிற முகவரி தெரியும், அது பெரும்பாலும் சம்பந்தமே இல்லாத ஒன்றாக இருக்கும். லிங்கைத் தொட்டுவிடாமல் அழுத்திப் பிடித்தால் அது போகிற இடம் தெரியும். அதில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) ஒட்டி முன்னால் இருப்பதுதான் தளத்தின் உண்மையான சொந்தக்காரன், அதற்கும் முன்னால் பேங்க் பெயரை எத்தனை தடவை எழுதியிருந்தாலும் மதிக்கத் தேவையில்லை. நம் நாட்டு பேங்குகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிற முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அந்த முடிவைப் பார்க்கப் பழக்குங்கள். இதெல்லாம் மறந்து போனாலும் ஒன்று மட்டும் போதும்: மெயிலில் வந்த லிங்க் வழியாக பேங்குக்குள் போகவே வேண்டாம். ஆப்பைத் தானே திறக்கட்டும், இல்லை பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்கே போகட்டும். கேஒய்சிக்கு ஓடிபி கேட்டு மிரட்டுகிறவன் பேங்க்காரன் இல்லை.

அப்புறம் அந்த 84,000. புகார் கொடுத்தும் எவ்வளவு திரும்பவில்லையோ, அதை உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அப்பா கணக்கில் போடுங்கள். வேண்டாம் என்பார். போடுங்கள்.