ஒரே ஆண்டில் திருமணம், மரணம், பிறப்பு, வீடு மாற்றம்: குடும்பக் கணக்கை எப்படி எழுதுவது?

கேள்வி: கடந்த ஆண்டு எங்கள் வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல நிகழ்வுகள். இரண்டாம் மாதத்தில் தங்கையின் திருமணம் நடந்தது. சில வாரச் சிகிச்சைக்குப் பிறகு ஆறாம் மாதத்தில் அப்பா காலமானார். எட்டாம் மாதத்தில் எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. அந்த மாத இறுதியிலேயே அம்மாவையும் அழைத்துக்கொண்டு சற்றுப் பெரிய வாடகை வீட்டுக்கு மாறினோம். பத்தாம் மாதத்தில் நான் வேலை மாறினேன். சம்பளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மனைவி ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். எங்கள் இருவரின் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டால், முந்தைய ஆண்டில் மாதம் 78 செலவானது. சென்ற ஆண்டின் சராசரியோ 114. சேமிப்பிலிருந்து எடுத்தும் தனிநபர் கடன் வாங்கியும் சமாளித்தேன். மாதவாரியாகக் குறிப்பு வைத்திருக்கிறேன். ஆனால் அதைப் பார்த்தால் எதுவும் விளங்கவில்லை. இந்த ஆண்டை எப்படிப் பதிவு செய்வது? நீண்டகால முதலீட்டை நிறுத்திவிடலாமா?

பதில்: உங்கள் குறிப்பேட்டில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாழ்க்கை ஒரே சீராகச் செல்லும் ஆண்டுகளுக்கு மாதவாரிக் கணக்கு மிகப் பொருத்தமானது. இப்படிப்பட்ட ஓர் ஆண்டில் அதே முறை, திருமணத்துக்கான செலவையும் அம்மாவின் மாத்திரைச் செலவையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது. முதலாவது இனி வராது. இரண்டாவது அடுத்த மாதமும் வரும், அதற்கடுத்த மாதமும் வரும். இந்த இரண்டையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துக் கிடைக்கும் 114 என்ற எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. எனவே இந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் மாதங்களை விட்டுவிட்டு, நிகழ்வுகளின்படி கணக்கு எழுதுங்கள்.

நிகழ்வுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பக்கத்தில் ஒருமுறை மட்டுமே செய்த செலவு, அந்த நிகழ்வால் இனி மாதந்தோறும் தொடரப்போகும் செலவு, அதற்கான பணம் எங்கிருந்து வந்தது, அந்த நிகழ்வால் மாற்ற வேண்டிய ஆவணங்கள் ஆகியவை இருக்க வேண்டும். பணம் வந்த வழியைப் பெரும்பாலானவர்கள் எழுதுவதே இல்லை. இரண்டாண்டு கழித்து இந்தக் கடன் எதற்காக வாங்கினோம் என்ற பேச்சு வரும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

நீங்கள் அனுப்பியிருந்த குறிப்புகளை இந்த முறையில் பிரித்துப் பார்த்தேன். ஆண்டு முழுவதற்குமான செலவு 1,368. இதில் திருமணத்துக்கு 190, காப்பீட்டு நிறுவனம் திருப்பித் தந்தது போக அப்பாவின் சிகிச்சைக்கும் இறுதிச் சடங்குகளுக்கும் 92, பிரசவத்துக்கு 28, வீடு மாறியதற்கு 86 என ஒருமுறைச் செலவுகள் மட்டும் 396. அவற்றை நீக்கினால் மிஞ்சுவது 972, மாதத்துக்கு 81. நல்லவேளை, 78-இலிருந்து 81-க்குத்தானே ஏறியிருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். முதல் எட்டு மாதங்களும் பழைய 78-லேயே ஓடின. புதிய வீட்டின் கூடுதல் வாடகை 4, குழந்தைக்கு 3, அம்மாவின் மருத்துவத்துக்கு 2 என்று கடைசி நான்கு மாதங்களில் அது 87 ஆகிவிட்டது. உங்கள் குடும்பத்தின் இன்றைய மாதச் செலவு இந்த 87-தான். மாதம் 22 மிச்சம் பிடித்த குடும்பம் இப்போது 13 மிச்சம் பிடிக்கிறது. 114 உங்களைத் தேவைக்கு மேல் பயமுறுத்தியது. 81 தேவைக்கு மேல் ஆறுதல் தந்திருக்கும்.

வீடு மாறியதற்கான 86-இல் 60 வீட்டு உரிமையாளரிடம் கொடுத்த முன்பணம். அதைச் செலவுக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். காலி செய்யும்போது திரும்பி வர வேண்டிய பணம் என்பதால் அது சொத்துப் பட்டியலில் இருக்க வேண்டியது. ஆண்டின் பற்றாக்குறையான 168-ஐச் சேமிப்பிலிருந்து 100, கடனாக 68 என்று ஈடுசெய்திருக்கிறீர்கள். முன்பணம் 60-ஐக் கழித்தால், உங்கள் நிகர மதிப்பில், அதாவது சொத்துகளிலிருந்து கடன்களைக் கழித்தபின் மிஞ்சும் தொகையில், உண்மையில் ஏற்பட்ட குறைவு 108. ஒரு திருமணமும் ஒரு மரணமும் ஒரு பிறப்பும் சேர்ந்து வந்த ஆண்டுக்கு, என் பார்வையில் இது கட்டுக்குள் இருக்கும் இழப்பே. அந்த முன்பணத்துக்கான ரசீதையும் வாடகை ஒப்பந்தத்தையும் அதே பக்கத்தோடு சேர்த்து வையுங்கள்.

இப்படி நிகழ்வுப் பக்கங்களை எழுதுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு வரவுசெலவையும் பற்று, வரவு என இரண்டு இடங்களில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தமது நூலில் விளக்கிய இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாசியோலி, வணிகர் தம் சொத்துகளையும் கடன்களையும் முதலில் முழுமையாகப் பட்டியலிட வேண்டும் என்றும், அன்றாடம் நடப்பவற்றைக் குறிப்பேட்டில் நடந்தது நடந்தபடி எழுதிவைத்துப் பிறகே முறையான ஏடுகளுக்கு மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறார். குடும்பத்துக்கும் அந்த வரிசை பொருந்தும். ஆண்டின் முதல் நாளில் என்ன இருந்தது, கடைசி நாளில் என்ன இருந்தது என்ற இரண்டு பட்டியல்கள் இருந்தால், நடுவில் நீங்கள் எழுத மறந்த செலவுகளின் மொத்தத் தொகையாவது தெரிந்துவிடும். ரசீதுகளில் பல, வெப்பத்தால் எழுத்து பதியும் தாளில் அச்சானவை. சில மாதங்களிலேயே எழுத்து மங்கிவிடும். அவற்றை இப்போதே படம் எடுத்து, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைக் கொண்டு கோப்புக்குப் பெயரிட்டால், கணினியே அவற்றைக் கால வரிசையில் அடுக்கித் தரும்.

அப்பாவின் பக்கத்தை மிகுந்த கவனத்துடன் எழுதுங்கள். அவருடைய வைப்புத்தொகையிலிருந்தும் ஆயுள் காப்பீட்டிலிருந்தும் வந்த பணம் தற்போது உங்கள் கணக்கில் இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அம்மா ஒப்புக்கொண்டுதான் அப்படிச் செய்தீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும் அது உங்கள் வருமானம் ஆகாது. உங்கள் அவசரகால நிதியிலும் அதைச் சேர்க்கக் கூடாது. அம்மாவின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி அதற்கு மாற்றுங்கள். யாருக்கு எவ்வளவு உரிமை என்பதை உங்கள் நாட்டின் வாரிசுச் சட்டமும், இருந்தால் அப்பாவின் உயிலும் தீர்மானிக்கும். உங்கள் தங்கைக்கும் அதில் பங்கு இருக்கக்கூடும். மருத்துவமனைக்கு யார் எவ்வளவு செலுத்தினார்கள், காப்பீடு எவ்வளவு திருப்பித் தந்தது, அந்தத் தொகை யார் கணக்குக்குப் போனது ஆகியவற்றைத் தேதியுடன் எழுதி, தங்கைக்கும் ஒரு படி அனுப்பிவிடுங்கள். உடன்பிறந்தவர்களிடையே கணக்கு வேண்டாம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு வரும் கடிதங்களில் உடன்பிறப்புகளின் மனக்கசப்பைப் பற்றியவை பெரும்பாலும் தொகையைப் பற்றியவை அல்ல. யாருக்கும் தெரிவிக்காமல் நடந்ததாக ஒருவர் எண்ணிக்கொண்டதைப் பற்றியவை. எல்லாம் நினைவில் தெளிவாக இருக்கும் இந்தச் சில மாதங்களுக்குள் எழுதிப் பகிர்ந்துகொண்டால் அந்த எண்ணத்துக்கு இடமே இராது.

அப்பா விட்டுச்சென்ற நிலமோ பங்குகளோ இருந்தால், அவர் அவற்றை வாங்கிய தேதியையும் விலையையும், அவர் மறைந்த நாளில் இருந்த சந்தை மதிப்பையும் சேர்த்தே குறித்துவையுங்கள். பின்னாளில் விற்கும்போது ஆதாயத்தைக் கணக்கிட, அமெரிக்காவில் பொதுவாக மறைந்த நாளின் மதிப்பையும், இந்தியாவில் முந்தைய உரிமையாளர் வாங்கிய விலையையும் அடிப்படையாகக் கொள்கிறார்கள். உங்களுக்கு எது பொருந்தினாலும், பத்தாண்டு கழித்து அந்த எண்களைத் தேடி அலைவது கடினம். அவருடைய வங்கிக் கணக்கை மூடுமுன், அதிலிருந்து தானாகக் கழிந்துகொண்டிருந்த தொகைகளை ஓராண்டு அறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அறியாத காப்பீடோ கடனோ அந்த வரிகளில்தான் தெரியவரும். இறப்புச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட படிகளைத் தேவைக்கும் சற்று அதிகமாகவே வாங்கிவையுங்கள்.

ஆவணங்களில் மிக அவசரமானவை காப்பீடு தொடர்பானவை. பழைய நிறுவனம் வழங்கிய குழுக் காப்பீடு பொதுவாக வேலையை விட்டதும் முடிந்துவிடும். புதிய நிறுவனத்தின் காப்பீடு எந்த நாளில் தொடங்கியது, அம்மாவைச் சேர்க்க அதில் இடம் உண்டா, குழந்தையைச் சேர்க்கக் கெடு உண்டா என்பவற்றை இந்த வாரமே எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறந்த குழந்தையைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் சேர்க்காவிட்டால் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்கச் சொல்லும் திட்டங்கள் பல உள்ளன. உங்கள் சொந்த ஆயுள் காப்பீட்டுத் தொகையோ, மனைவியையும் ஒரு குழந்தையையும் மனத்தில் கொண்டு முடிவு செய்தது; இன்று உங்களை நம்பி அம்மாவும் இரண்டாவது குழந்தையும் இருக்கிறார்கள். கூடுதல் காப்பீட்டுக்கான பிரீமியம், மிச்சமாகும் 13-க்குள்தான் அடங்க வேண்டும் என்பதால், சேமிப்போடு கலக்காத, குறிப்பிட்ட காலத்துக்குள் இறப்பு நேர்ந்தால் மட்டும் தொகை தரும் எளிய கால ஆயுள் காப்பீடே போதும்.

நாமினி பெயர்களையும் பாருங்கள். திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் நம்மில் பலர் அப்பாவின் பெயரைத்தான் கொடுத்திருப்போம். பிறகு அதை மறந்தும்விடுவோம். சில நாடுகளில், சில வகைக் கணக்குகளில், குறிப்பிடப்பட்டவரே பணத்துக்கு உரியவர் ஆகிறார். வேறு சில இடங்களில் அவர் வாரிசுகளின் சார்பில் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. ஆகவே நாமினி பெயரும் உயிலும் ஒன்றையே சொல்லும்படி பார்த்துக்கொள்வது நல்லது. தங்கைக்கும் இதைச் சொல்லுங்கள். அவர் திருமணத்துக்கு முன் உயில் ஏதும் எழுதியிருந்தால் அதன் நிலை நாட்டுக்கு நாடு மாறும்: இங்கிலாந்தில் 1837-ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி, அந்தத் திருமணத்தை எதிர்நோக்கி எழுதப்பட்டது தவிர, முந்தைய உயிலைத் திருமணம் செல்லாததாக்குகிறது, இந்தியாவில் இந்துக்களின் உயிலுக்கு அவ்வாறு நேர்வதில்லை.

இனி முதலீடு பற்றி. 68 கடனுக்கு மாதம் 1 சதவீத வட்டி, 15 தவணைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். தவணை ஏறத்தாழ 5 வரும். அது இந்த மாதம்தான் தொடங்குகிறது. எனவே அடுத்த 15 மாதங்களுக்கு உங்களிடம் உண்மையில் மிஞ்சுவது 8 மட்டுமே. ஆறு மாதச் செலவுக்கென்று நீங்கள் வைத்திருந்த அவசரகால நிதி 468. அதில் 100 எடுத்தது போக 368 இருக்கிறது. தவணையையும் சேர்த்து மாதம் 92 தேவைப்படும் இன்றைய நிலையில் அது நான்கு மாதங்களுக்குத்தான் வரும். புதிய வேலையில் உங்கள் தகுதிகாண் காலம் முடியவில்லை, மனைவி விடுப்பில் இருக்கிறார், வீட்டில் கைக்குழந்தையும் வயதானவரும் இருக்கிறார்கள் என்ற சூழலில் அதைக் குறைவு என்றே கருதுகிறேன்.

ஆகவே நீண்டகால முதலீட்டில் புதிதாகப் பணம் போடுவதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே போட்டதை விற்க வேண்டாம். மிஞ்சும் 8-ஐயும் அவசரகால நிதிக்கே அனுப்பினால் 15 மாதங்களில் அது 488 ஆகும். கடன் முடிந்தபின் மாதம் 13 வீதம் சேர்த்தால், 87-இன் ஆறு மடங்கான 522-ஐ மூன்றாவது மாதத்தில் எட்டிவிடலாம். மொத்தம் 18 மாதங்கள். மேலே சொன்ன கூடுதல் பிரீமியமும், மனைவி வேலைக்குத் திரும்பும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் ஆகும் செலவும் இந்தக் கணக்கில் இல்லை. அவை தொடங்கும் நாளில் 87-ஐத் திருத்தி, இந்தக் காலத்தையும் நீட்டிக்கொள்ளுங்கள். முதலீட்டை மீண்டும் தொடங்கும்போது பழைய 22-ஐத் தானியங்கியாகப் பிடிக்கும்படி விட்டுவிட வேண்டாம். அன்றைய தேதியில் உண்மையில் மிஞ்சும் தொகைக்கு ஏற்பப் புதிய கட்டளையை வங்கியில் கொடுங்கள்.