மஞ்சள் தோட்டத்தை அடகு வைக்காதீர்கள், மதுரை அரசரடி இறையியல் கல்லூரி இருக்கிறது

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் பி.காம். முடித்துவிட்டு, சபை ஊழியத்துக்குப் படிக்க வேண்டும் என்கிறாள். அமெரிக்காவில் இருக்கும் மாமாவோ, "படிச்சா இங்க எம்.டிவ். படிக்கட்டும், இல்லீன்னா கல்யாணத்த முடிச்சுருங்க" என்கிறாராம். மஞ்சள் தோட்டத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்காதீர்கள் அம்மா. உங்கள் கவலை புரிகிறது, ஆனால் ஆறுதலைவிடக் கணக்குதான் இப்போது உதவும். ஆயர் பணிக்கான பட்டமான எம்.டிவ். அங்கே பொதுவாக 3 வருடப் படிப்பு. முதல் வருடச் செலவு முழுவதற்கும் பணம் காட்டினால்தான் விசா. பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள்கூட வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி வழக்கமாகச் சொத்து ஜாமீன் கேட்கும். ஆயர் சம்பளத்தில் அந்தத் தவணை அடையாது. கடனுக்காகவே அங்கே தங்கிவிட்டால், அவள் ஊழியம் செய்ய நினைத்த சபைக்கு அவள் வரவே மாட்டாள்.

பெங்களூரு, சென்னைக் கல்லூரிகளைப் பற்றிச் சொந்தக்காரர்களே சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாதது மதுரை அரசரடி. தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969 முதல் அங்கே இருக்கிறது. பி.டி. எனும் இறையியல் பட்டத்தைத் தமிழிலேயே படிக்கலாம். தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன் சபையாரும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். பட்டம் தருவது சேரம்பூர் செனட், அதாவது வங்காளத்தில் உள்ள சேரம்பூர்க் கல்லூரியின் பட்டம் வழங்கும் குழு. 1827-இல் டென்மார்க் மன்னர் தந்த சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது அந்தக் கல்லூரி. 1918-இல் அதற்குத் தனிச்சட்டமே வந்தது. பி.டி. படிப்பு பட்டதாரிக்கு 4 வருடம், பிளஸ் டூ முடித்தவருக்கு 5 வருடம்.

தமிழில் படித்தால் மட்டம் என்று யாராவது சொன்னால், புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்க வகுப்பைக் காட்டுங்கள். லோகோஸ், லோகோன், லோகோ, லோகூ என்று ஒரே சொல் உருமாறும். வார்த்தை, வார்த்தையை, வார்த்தைக்கு, வார்த்தையின் என்று எட்டு வேற்றுமையையும் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும். ஆங்கில வழியில் வருகிறவர்கள்தான் இந்த இடத்தில் திணறுவார்கள். பிரசங்கமும் அப்படித்தான். நீதிமானாக்கப்படுதல், அதாவது கடவுள் ஒருவரை நீதிமானாக ஏற்பது, என்றால் என்ன என்பதைச் சோமனூர் விசைத்தறிக்காரருக்கு விளங்கவைக்க, அதைத் தமிழில் யோசித்துப் பழகியிருக்க வேண்டும். நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்த பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு பாடம் நடத்திய கல்லூரி அது. மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியே, ஏழைகள் நடுவில் குடியிருந்து படிக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. சபைக்கு வேண்டிய பயிற்சி இதுதான். மேற்கொண்டு இறையியல் முதுகலையான எம்.டி.எச். படிக்க நினைத்தால், செனட்டின் நுழைவுத்தேர்வு எழுதி 2 வருடம் படிக்கலாம். ஆங்கிலத்தை அப்போது கூர்தீட்டிக்கொள்ளட்டும்.

பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். படிப்புப் பட்டம் வேறு, ஆயராக அபிஷேகம் செய்யும் குருப்பட்டம் வேறு. திருமண்டலம், அதாவது பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகம், அனுப்பாமல் சொந்தமாகப் போய்ப் படித்தவர், நான்கு வருடம் கழித்துப் பேராயர் அலுவலக வாசலில் நிற்க வேண்டி வரும். ஆகவே முதலில் சபைக் கமிட்டியின் பரிந்துரை, அடுத்து திருமண்டலத்தின் தேர்வும் நேர்காணலும், அதன்பிறகே கல்லூரி விண்ணப்பம். ஞானஸ்நானச் சான்றிதழையும் திடப்படுத்தல் சான்றிதழையும் இப்போதே தேடி எடுத்துவையுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்த நாளாகும். திருமண்டலம் அனுப்பினால் கட்டணத்தில் எவ்வளவு ஏற்கும், பதிலுக்கு எத்தனை வருடம் அங்கே பணி செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆறே மாதத்தில் 'டாக்டர்' பட்டம் தருகிறோம் என்று வரும் நோட்டீஸை அப்படியே கிழித்துப் போடுங்கள்.

பெண் பிள்ளைக்கு எதற்கு என்பவர்களுக்கு ஒரு பதில்: தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஊழியத்துக்குக் கொடுப்பதாகக் கடவுளிடம் பொருத்தனை செய்தது மகனுக்காக, அவனுக்கோ மோட்டார் மெக்கானிக் வேலையில்தான் நாட்டம். அவனை விட்டுவிடுங்கள் அம்மா. மனமில்லாத பிள்ளையை அங்கி மாட்டி நிறுத்தினால் அவனும் வாடுவான், சபையும் வாடும். இதில் நான் இறங்கி வரமாட்டேன். கேட்பவள் மகள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு ஆயரிடம் போங்கள்; அவளே பேசட்டும்.