ரத்தப் பரிசோதனை நார்மல், மணிக்கட்டு மட்டும் ஏன் வீங்குகிறது?

கேள்வி: எனக்கு 46 வயது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற முடக்குவாதம் வந்து நான்கு வருடமாகிறது. வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன். காலையில் கை விறைத்துக்கொள்வது முன்பைவிட நன்றாகக் குறைந்துவிட்டது. அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் ஆறு மாதமாக நார்மல். ஆனால் வலது மணிக்கட்டிலும், அதே கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல் மூட்டுகளிலும் வீக்கம் வடியவே இல்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர், "மூட்டின் உள்சவ்வு தடித்திருக்கிறது, அதிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் இப்போது சேர்ந்துகொண்டன, மருந்தை மாற்ற வேண்டும்" என்கிறார். நோய் எதிர்ப்பு சக்தியின் கோளாறு என்றுதானே இதுவரை சொன்னார்கள்? செல்கள் பெருகுகின்றன என்றால் இது புற்றுநோய் மாதிரியா? ரத்தம் சரியாக இருக்கும்போது மருந்தைக் குறைக்கத்தானே வேண்டும்? கையை அசைக்காமல் வைத்திருந்தால் அந்தச் செல்கள் அடங்குமா?

பதில்: முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறப்போவதும் இல்லை. உங்கள் டாக்டர் சொன்னது சரியான செய்திதான். ஆனால் ஒரு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய செய்தி அல்ல. அதனால்தான் நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மருந்தைக் குறைப்பதா, மாற்றுவதா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மூட்டுக்குள் எலும்பின் முனையைக் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. மூட்டைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. அந்தப் பையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் சைனோவியம் என்னும் உள்சவ்வு. ஆரோக்கியமான மூட்டில் இதன் மேற்பரப்பில் ஒன்று முதல் மூன்று அடுக்குச் செல்கள்தான் இருக்கும். அவற்றில் இரண்டு வகை. ஒன்று மேக்ரோஃபேஜ்: கழிவை விழுங்கிச் சுத்தம் செய்பவை. மற்றொன்று நீங்கள் கேட்ட ஃபைப்ரோபிளாஸ்ட். மூட்டு வழுக்கிக்கொண்டு அசைவதற்குத் தேவையான ஹயலுரானிக் அமிலத்தையும் லூப்ரிசின் என்ற புரதத்தையும் சுரந்து மூட்டுநீரில் சேர்ப்பவை இவைதான். ரத்தநாளமே இல்லாத குருத்தெலும்புக்கு ஊட்டம் போய்ச் சேருவதும் அந்த மூட்டுநீர் வழியாகத்தான். வாழ்நாள் முழுக்க விரலை மடக்கி நீட்டுகிறோமே, அதற்குப் பின்னால் சத்தமில்லாமல் உழைப்பவை இந்தச் செல்கள்.

முடக்குவாதத்தில் நடப்பது இதுதான். நோய் எதிர்ப்பு அணுக்கள் தவறாகத் தூண்டப்பட்டு இந்தச் சவ்வுக்குள் புகுந்து, டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1 போன்ற சமிக்ஞைப் புரதங்களைக் கொட்டுகின்றன. ஃபைப்ரோபிளாஸ்ட்கள் அவற்றைக் கேட்டுப் பதில் கொடுக்கின்றன. அவையே இன்டர்லூகின்-6-ஐ ஏராளமாகச் சுரக்கின்றன, இன்னும் அதிக எதிர்ப்பு அணுக்களை அழைக்கும் ரசாயனங்களை விடுகின்றன, வந்த அணுக்கள் சீக்கிரம் சாகாமல் தங்குவதற்கும் உதவுகின்றன. மூன்று அடுக்காக இருந்த சவ்வு பத்தடுக்குக்கு மேல் தடித்துப் போகிறது. உங்கள் விரல் மூட்டைத் தொட்டால் மெத்தென்று மாவு பிசைந்தாற்போல் இருக்கிறதல்லவா, அது பெரும்பாலும் வெறும் நீர் அல்ல, இந்தத் தடித்த சவ்வு.

தடித்த சவ்வு மெல்ல மெல்லக் குருத்தெலும்பின் மேல் படர்கிறது. இந்தப் படர்ச்சியைப் பேனஸ் என்கிறோம். அதன் முன்வரிசையில் நிற்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் குருத்தெலும்பின் கொலாஜனைக் கரைக்கும் நொதிகளை விடுகின்றன. எலும்பை அவை நேரடியாக அரிப்பதில்லை. ரேங்க்-எல் என்ற புரதத்தைக் காட்டி, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் உருவாகத் தூண்டுகின்றன. எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரத்தில் எலி கொறித்தாற்போல் தெரியும் பள்ளங்கள் அப்படி வந்தவை. மூட்டைப் பேணிய செல்லே மூட்டைத் தின்பது, வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

எதிர்ப்பு அணுக்கள் தூண்டும் வரைதான் ஃபைப்ரோபிளாஸ்ட் ஆடும், அவற்றை அடக்கினால் இதுவும் அடங்கிவிடும் என்றுதான் நீண்ட காலம் பலரும் நினைத்தார்கள். அந்த எண்ணத்தை அசைத்த ஒரு சோதனை 1996-இல் வெளியானது. நோய் எதிர்ப்பு சக்தி பெரும்பாலும் இல்லாமல் பிறந்த ஒருவகை எலிகளின் உடலில், முடக்குவாதம் உள்ளவர்களின் மூட்டிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்களையும், நல்ல மனிதக் குருத்தெலும்புத் துண்டையும் சேர்த்து வைத்தார்கள். தூண்டிவிட மனித எதிர்ப்பு அணுக்கள் அங்கே இல்லை. அப்படியிருந்தும் அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் குருத்தெலும்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயின. 2009-இல் இன்னொரு படி. எலியின் ஒரு பக்கம் வைத்த இந்தச் செல்கள் ரத்த ஓட்டத்தின் வழியே பயணித்து, மறுபக்கம் தனியாக வைத்திருந்த குருத்தெலும்பைத் தேடிப்போய் அரித்தன. ஒரு மூட்டில் தொடங்கும் நோய் மற்ற மூட்டுகளுக்குப் பரவுவதற்கு இதுவும் ஒரு வழியோ என்ற கேள்வி அதிலிருந்து எழுந்தது. மனிதரில் அப்படித்தான் நடக்கிறது என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது, எலியில் பார்த்தது எலியில் பார்த்ததுதான்.

உங்கள் விஷயத்தில் முக்கியமான பாடம் இது: நெடுநாள் அழற்சியில் கிடந்த ஃபைப்ரோபிளாஸ்ட் மாறிவிடுகிறது. டி.என்.ஏ.வின் எழுத்துகள் மாறுவதில்லை, ஆனால் எந்த மரபணு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்று அதன் மேல் இடப்படும் ரசாயன அடையாளங்கள் மாறுகின்றன. மூட்டிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்த்த பின்னும் அந்தச் சுபாவம் போவதில்லை. நோய் தணிந்து மறுபடி கிளம்பும்போது ஏற்கெனவே பட்ட அதே மூட்டிலேயே பெரும்பாலும் கிளம்புகிறதே, அதற்கு இந்தச் செல்களின் நினைவும் ஒரு காரணம். அங்கேயே குடியிருந்துவிடும் சில நினைவு எதிர்ப்பு அணுக்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆக, "எதிர்ப்பு சக்தியின் கோளாறா, ஃபைப்ரோபிளாஸ்ட்டா" என்று கேட்டால் இரண்டும்தான். தொடங்கிவைத்தது முதலாவது. நிலைக்கவைப்பதில் இரண்டாவதற்குப் பெரிய பங்கு.

குருத்தெலும்பைத் துளைப்பது, அடங்காமல் பெருகுவது என்று கேட்டதும் உங்களுக்குப் புற்றுநோய் நினைவு வந்தது இயல்பு. ஆய்வாளர்களே அந்த ஒப்புமையைச் சொல்வதுண்டு. ஆனால் இந்தச் செல்கள் நுரையீரலிலோ கல்லீரலிலோ போய்க் கட்டியாக வளர்வதில்லை. தகுந்த மருந்து வேலை செய்தால் சவ்வின் தடிப்பு குறைவதை ஸ்கேனிலேயே பார்க்கலாம்.

இனி உங்கள் ரத்தப் பரிசோதனை. சி.ஆர்.பி. என்பது கல்லீரலில் உருவாகும் புரதம். மூட்டில் சுரக்கும் இன்டர்லூகின்-6 போதுமான அளவு ரத்தத்தில் கலந்து கல்லீரலை எட்டினால்தான் அது ஏறும். இரண்டு மூன்று சிறிய மூட்டுகளில் மட்டும் அழற்சி எஞ்சியிருந்தால் அந்த அளவு கல்லீரலை எட்டாமலே போகலாம். எனவே நார்மல் என்ற எண், உடல் முழுக்கப் பார்த்தால் நோய் தணிந்திருக்கிறது என்று சொல்கிறதே தவிர, உங்கள் வலது மணிக்கட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு உணரும் வீக்கத்துக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். (இன்டர்லூகின்-6-ஐத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மருந்து சி.ஆர்.பி.யை நேரடியாகவே இறக்கிவிடுவதால், மூட்டு எரிந்துகொண்டிருக்கும்போதும் எண் அழகாக இருக்கும்.)

டாக்டரிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "ஸ்கேனில் டாப்ளர் சிக்னல் தெரிந்ததா?" தடித்த சவ்வு என்பது பழைய தழும்பாகவும் இருக்கலாம், இன்றைக்கும் புகைந்துகொண்டிருக்கும் அழற்சியாகவும் இருக்கலாம். பவர் டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிந்தால் அது இரண்டாவது. வெளியே நோய் தணிந்ததாகத் தெரிந்தவர்களிலும் இந்தச் சிக்னல் இருந்த மூட்டுகளில்தான் பின்னாளில் எலும்பு அரிமானம் அதிகம் வந்தது. அதற்காக வீக்கமே இல்லாத ஒருவருக்கு ஸ்கேனை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதும் சரியல்ல, அப்படிச் செய்து பார்த்த ஆய்வுகளில் பெரிய பலன் கிடைக்கவில்லை. உங்கள் நிலை அப்படியில்லை. உங்களுக்கு வீக்கமே இருக்கிறது. ஆகவே மருந்தைக் குறைக்கும் நேரம் இது இல்லை. நீங்களாக நிறுத்துவது நிச்சயம் வேண்டாம்.

"நேராக அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்டையே அடக்கும் மருந்து இல்லையா" என்று அடுத்துக் கேட்பீர்கள். இன்றைக்கு இல்லை. முயற்சி நடக்காமல் இல்லை. இந்தச் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளப் பயன்படுத்தும் கேட்ஹெரின்-11 என்ற புரதம் இல்லாத எலிகளுக்கு மூட்டு அழற்சி வெகுவாகக் குறைவாகவே வந்தது என்று 2007-இல் தெரிந்தபோது, பலருக்கும் பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் அதைத் தடுக்கும் மருந்தை நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் தெரியவில்லை. 2019-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எலிகளில் வேறொன்றைக் காட்டினார்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. சவ்வின் ஆழத்தில் இருப்பவை அழற்சியை ஊதிப் பெருக்குகின்றன. மேற்பரப்பில் இருப்பவை அழற்சியைப் பெரிதாக்காமல் எலும்பையும் குருத்தெலும்பையும் சிதைக்கின்றன. வலி குறைந்தும் எக்ஸ்ரேயில் சேதம் கூடிக்கொண்டே போகும் நோயாளிகளை நாங்கள் பார்க்கிறோம். அது எப்படி என்பதற்கு இந்த ஆய்வு தந்த விளக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. 2022-இல் வெளியான இன்னொரு ஆய்வில், மூட்டுச் சவ்விலிருந்து ஊசியளவு திசு எடுத்துப் பரிசோதித்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட உயிரியல் மருந்துகளுக்கும் (உயிருள்ள செல்களில் தயாரிக்கப்படும் புரத மருந்துகள்) கட்டுப்படாதவர்களின் சவ்வில் ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்கு உரிய மரபணுக்களின் செயல்பாடே மேலோங்கி இருந்தது. எல்லா நோயாளிக்கும் ஒரே வரிசையில் மருந்து கொடுப்பதை விட்டு, சவ்வைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கும் காலம் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதுவரை கையில் இருக்கும் மருந்துகள் பயனற்றவை என்று நினைத்துவிடாதீர்கள். டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள் ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குப் போகும் தூண்டலை வெட்டுகின்றன. டோசிலிசுமாப் போன்றவை அது சுரக்கும் இன்டர்லூகின்-6-இன் வேலையைத் தடுக்கின்றன. டோஃபாசிடினிப், பாரிசிடினிப் போன்ற ஜாக் தடுப்பு மாத்திரைகள் அந்தச் செல்லுக்குள்ளேயே ஓடும் சமிக்ஞைப் பாதையைத் தடுக்கின்றன. இவற்றுக்குப் போகும் முன், மெத்தோட்ரெக்சேட்டின் அளவு உங்களுக்கு முழுமையாக எட்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மாத்திரை வாரத்துக்கு 15 மில்லிகிராமைத் தாண்டும்போது குடல் அதை முழுதாக உறிஞ்சுவதில்லை, தோலடி ஊசியாகப் போட்டால் பலன் கூடுவதுண்டு. எதை மாற்றினாலும் வாரம் ஒரு நாள் என்ற கணக்கை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. புதிய மருந்து தொடங்கும் முன் காசநோயும் மஞ்சள்காமாலை வைரஸ்களும் மறைந்திருக்கின்றனவா என்று பரிசோதிப்பார்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஜாக் மாத்திரை பேச்சு வந்தால், புகைப்பழக்கம், இதயநோய், முன்பு ரத்தம் உறைந்த வரலாறு எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். தேர்வே மாறக்கூடும்.

மருந்து மாற்றிய மறுவாரமே வீக்கத்தை அமுக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள். பல மருந்துகளுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்துத்தான் மதிப்பிடுவோம். மூன்று மாதத்தில் முன்னேற்றமே இல்லையென்றாலும், ஆறு மாதத்தில் நோயைத் தணிக்கும் இலக்கை எட்டவில்லையென்றாலும் அடுத்த மருந்துக்குப் போவதுதான் முறை. இந்த அவசரம் எதற்கு என்றால், மேலே சொன்ன அந்தச் செல்களின் நினைவுதான். அழற்சி அதே மூட்டில் எத்தனை நாள் இருக்கிறதோ, அத்தனை நாளும் அவை பழகிக்கொண்டிருக்கின்றன.

கடைசியாக, கையை அசைக்காமல் வைப்பது. மூட்டின் மேல் விழும் சுமை ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தூண்டக்கூடும் என்று எலி ஆய்வுகள் சொல்வது உண்மை. அதைப் படித்துவிட்டுக் கையைக் கட்டிப்போட்டால் மூட்டு இறுகும், தசை மெலியும், பிறகு அழற்சி தணிந்தாலும் விரல் மடங்காது. முடக்குவாதம் உள்ள கைகளுக்கென்றே வகுத்த பயிற்சியை ஓராண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. பயிற்சி செய்தவர்களின் கை நன்றாக வேலை செய்தது, வலியும் கூடவில்லை. மூட்டு சூடாகி மிகவும் வலிக்கும் நாட்களில் மணிக்கட்டுக்குப் பட்டை போட்டு ஓய்வு கொடுங்கள். மற்ற நாட்களில் இயன்முறை மருத்துவர் காட்டியபடி விரல்களை முழுதாக மடக்கி நீட்டுங்கள், கனமான பொருளைச் சுமக்கும்போது விரல்களால் பிடிக்காமல் முன்கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை போகும்போது மணிக்கட்டு எக்ஸ்ரே கடைசியாக எடுத்தது எப்போது என்று பார்த்து, பழையதையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அரிமானம் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பது தெரியும்.