கடலாயியின் பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

காரைக்குடிக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் ஞாயிறு மாலைகளில் ஜெபக்கூட்டம் நடத்துகிறேன். இப்போது தெருவில் ஒரே எதிர்ப்பு. கைப்பிரதி கொடுத்தால் கிழித்து முகத்தில் எறிகிறார்கள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் என் மகளோடு யாரும் பேசுவதில்லை. இந்த மண்ணே நமக்கு எதிரியோ என்று தோன்றுகிறது. சட்டம் நம் பக்கம்தானே? ஓரியூரில் அருளானந்தர் என்ற பாதிரியார் விசுவாசத்துக்காகக் கழுத்தையே கொடுத்தார். நான் ஒரு தெருவுக்குப் பயந்து ஊழியத்தை நிறுத்தலாமா? கூட்டத்தின் படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

ஜே.

அன்புள்ள தம்பி,

முகத்தில் எறிந்தார்கள் என்று படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். அதற்கு மேல் செய்ய யாருக்கும் உரிமை கிடையாது. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பவும் இடம் தருகிறது, பொது ஒழுங்குக்கு உட்பட்டு. மற்றதை ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

இந்த மண்ணே எதிரி என்று மட்டும் இன்னொரு தடவை எழுதாதீர்கள். சருகணி தேவாலயத்துக்குத் தேர் கொடுத்தவர்கள் மருது சகோதரர்கள். தேவகோட்டைப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வார்கள்.

சரி, அருளானந்தர். நீங்கள் கத்தோலிக்கர் இல்லை என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனாலும் அவரைத் துணைக்குக் கூப்பிடுகிறீர்கள், சந்தோஷம். கொஞ்ச நாளாக நானும் அவர் கதையைத்தான் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அவரை அல்ல, கடலாயியை.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோயில் கிடந்த மறவர் நாட்டுத் தலைவர் தடியத்தேவர் ஓர் உபதேசியாரின் ஜெபத்தில் குணமாகி, ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வதாக இருந்தால் தரலாம் என்றார் அருளானந்தர். தேவருக்கு ஐந்து மனைவியர். முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அதில் இளையவள் கடலாயி, ராமநாதபுரம் ராஜா கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய உறவு. அவள் போய் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தரை வெட்டினார்கள்.

நான் கேட்ட பிரசங்கங்களில் கடலாயி எப்போதும் யோவான் ஸ்நானகனின் தலையைக் கேட்ட ஏரோதியாளின் தங்கச்சி. கெட்டவள், அவ்வளவுதான். சின்ன வயதில் ஓரியூர் திருவிழாவுக்கு அப்பத்தாவோடு போவேன். எல்லோரும் அவர் ரத்தம் பட்ட மண் என்று செம்மண்ணைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது அப்பத்தா சாமியாரிடமே கேட்டாள்: “சாமி, அந்தப் புள்ள அப்புறம் எங்க போச்சு?” சாமியார் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். அப்பத்தா பக்திக்குக் குறைச்சல் இல்லாதவள். மண்ணையும் முந்தானையில் முடிந்துகொண்டுதான் வந்தாள்.

புருஷன் மனம் திரும்பினான், பெண்டாட்டி வீட்டை இழந்தாள். அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? 1693-ல் அப்படி வெளியேற்றப்பட்ட ஒரு பெண் தன் வீட்டுப் பெரியவரிடம் போகாமல் வேறு யாரிடம் போவாள்? அருளானந்தருக்கு வேறு வழி இல்லை, தெரியும். திருமண விஷயத்தில் வளைந்து கொடுத்திருந்தால் அவர் அருளானந்தரே இல்லை. அவர் சாட்சியை நான் குறைக்கவில்லை. ஆனால் முன்னூறு வருஷமாக அந்தக் கதையில் ஒரே ஒருவரின் வலியை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். நம்மை எதிர்த்தவள் என்றவுடன் அவளுக்கு என்ன போயிற்று என்று கேட்பதையே விட்டுவிட்டோம்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். திண்ணையில் இரண்டு பெட்டி ஸ்பீக்கர், இரண்டும் தெருவைப் பார்த்து. எதிர்வீட்டுத் திண்ணையில் வயசான ஆச்சி ஒருவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். படத்தை எடுத்தவருக்கு அது கண்ணில் படவே இல்லை. உங்களுக்கும்தான். இதையும் உபத்திரவக் கணக்கில் சேர்த்தீர்களா தம்பி? காகிதத்தைக் கிழித்தது அக்கிரமம். அந்த ஆச்சி முகம் சுளித்தது அக்கிரமம் இல்லை.

உங்கள் கேள்விக்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒன்று சொல்கிறேன். 1686-லேயே அருளானந்தர் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லி விட்டார்கள். ஐரோப்பாவுக்குப் போனார், சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். அந்த இடைவெளியை யாரும் கோழைத்தனம் என்று சொன்னதில்லை. ஓர் ஊரில் துன்பப்படுத்தினால் அடுத்த ஊருக்கு ஓடச் சொல்லி மத்தேயு பத்தாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. வீடு மாறுவதும் கூட்டத்தை வேறொருவர் வீட்டில் வைப்பதும் மறுதலிப்பு ஆகாது.

ஆனால் மகள் விஷயத்தை ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். ஊழியத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், அந்தப் பிள்ளை இல்லை. திங்கட்கிழமையே வகுப்பு டீச்சரைப் போய்ப் பாருங்கள். கைப்பிரதியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதற்கு முன்னால் அவளிடம் உட்கார்ந்து கேளுங்கள், மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறாள் என்று. என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்தது என்றால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.